நான் தரையில் கொட்டிய நல்ல மஞ்சள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இந்த வயதிலும் எனக்கு நிச்சயமில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தை நான் கற்றது, அத்தா வாங்கிவரும் தமிழ்ப் பேப்பரிலிருந்தும், ஈரோட்டிலிருந்து வரும் மஞ்சள் சாக்குகளின் மேல் கறுப்பு மையில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களிலிருந்தும்தான். இதை அச்சுக்குக் கொடுப்பவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். கடைசியில் நான் சொல்லப்போகும் ஒரு விஷயத்தை மட்டும் தொட வேண்டாம். அது பிழைபோலத் தெரியும். பிழை இல்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு மசாலாக் கிடங்கில் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சரக்கு பார்க்கிறேன். மிளகு என்றால் சாக்கில் குத்தூசியைச் செருகுவேன். அந்த இரும்பின் குழிவு வழியாக சாக்கின் நடுவிலிருந்து ஒரு கை மிளகு வெளியே வரும். மஞ்சள் என்றால் சாக்கைப் பிரித்து, அடியில் கைவிட்டு ஒரு விரலி எடுத்து ஒடிப்பேன். ஒடியும் சத்தத்தைக் கேட்பேன். உள்ளே நிறம் பார்ப்பேன். ஓரத்தைக் கடித்து மென்று துப்புவேன். அதன் பிறகு தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை நான் வாயால் சொல்வதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆரம்பத்திலிருந்தே கையால்தான் சொல்வேன். கையில் இருப்பதைத் திரும்பச் சாக்கின் வாயில் போட்டால் சரக்கு நல்லது, இறக்கலாம். தரையில் கொட்டிக் கையைத் தட்டிவிட்டால் லாரி வந்த வழியே போகலாம். எங்கள் தெருவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லாரிக்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், என் தகப்பன் பேரை இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். ஒருநாளும் நல்ல சரக்கைத் தரையில் கொட்டியதில்லை, கெட்ட சரக்கைச் சாக்கில் போட்டதில்லை. படிப்பில்லாத ஒருவனுக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

என் மனைவி வீட்டில் பத்திரி சுட்டு ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறாள். அரிசி மாவில் தட்டும் மெல்லிய ரொட்டி. காலையில் அடுப்பு முன்னால் நின்றால் பத்து மணி வரை நிற்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் முட்டி வீங்கியது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார், இடுப்பை நாடா வைத்து அளந்தார், கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்த்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, வயிற்றுச் சதை, நாலும் ஒன்றாக வந்திருக்கிறது என்றார். நாலும் சேர்ந்து வந்தால் அதற்குத் தனியாக ஒரு பெயர் உண்டாம். ஆங்கிலப் பெயர், என் வாயில் நுழையவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு உடம்பெங்கும் ஒரு சின்ன அழற்சி ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது, இதயத்தையும் ரத்தக்குழாயையும் மெல்ல மெல்லக் கெடுக்கும் என்றார். மாத்திரைகள் கொடுத்தார். நடக்கச் சொன்னார். பத்திரியை விற்கலாம், தின்னக் கூடாது என்றார்.

மனைவி மாத்திரை சாப்பிட்டாள். பத்திரியும் சாப்பிட்டாள். ஓரம் கருகியது மட்டும்தான் என்பாள். தினமும் ஏழெட்டு ஓரம் கருகும்.

இந்த நிலையில்தான் என் தங்கையின் புருஷன் உள்ளே வந்தான். மாப்பிள்ளை என்று மரியாதையாகக் கூப்பிடுகிறேன், மனசுக்குள் வேறு பெயர். இவன் முதலில் தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி விற்றான். அப்புறம் காந்த மெத்தை. அதில் படுத்தால் முதுகுவலி போகும் என்றான். அதில் படுத்த இவனே முதுகுவலி என்று ஒரு மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடந்தான். அப்புறம் செம்புக் காப்பு. இப்போது செடிச்சத்து மாத்திரை. உறைக்குள் பொடி அடைத்த குளிகை, வெள்ளை டப்பாவில் அறுபது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இடப்பள்ளியில் ஒரு ஹாலில் கூட்டம் நடக்கும். இவன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு போவான். மட்டாஞ்சேரி வெயிலில், வியர்வையில் நனைந்த அந்த டையோடு பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அவனுக்கு இருக்காது. கூச்சம் எல்லாம் எங்கள் குடும்பத்தில் எனக்கே கொடுத்துத் தீர்ந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் அவன் கூட்டம் போட்டான். என்னைக் கேட்கவில்லை. தங்கை என் மனைவியைக் கேட்டாள், மனைவி சரி என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். எங்கள் கிடங்கில் சாக்குச் சுமக்கும் மலையாளி ஒருவரும் வந்திருந்தார். அவருக்கும் சர்க்கரை. என்னை இக்கா என்பார், அண்ணன் என்று அர்த்தம்.

மாப்பிள்ளை தன் போனில் ஒரு படம் காட்டினான். ஒரு மனித உருவம், வயிற்றுக்குள் தீ எரிகிறது.

"மதினி, முட்டி வீங்கியிருக்குன்னு முட்டிக்கு மருந்து தேச்சா மாறுமா? எரியுறது உள்ளே. ஷுகர் இருக்கா?"

"இருக்கு," என்றாள் மனைவி.

"பிரஷர்?"

"அதும் இருக்கு."

"கொழுப்பு?"

"எல்லாம் இருக்கு மாப்ளே. இந்த வீட்டுல இல்லைன்னு சொல்லாம இருக்கிறது அது மட்டும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு டப்பாவைத் தூக்கிக் காட்டினான். "இந்தத் தீயை அணைக்கிறது என்ன தெரியுமா? நம்ம மஞ்சள். நம்ம மிளகு. நம்ம சுமந்து கப்பல்ல ஏத்தி விடுறோம், வெள்ளைக்காரன் குளிகையாக்கி முழுங்குறான். அவனுக்கு ஆரோக்கியம், நமக்குத் தும்மல்."

இது கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஒருவன் சொல்வதெல்லாம் பொய்யாக இருந்தால் அவனைச் சமாளிப்பது சுலபம்.

சுமை தூக்குபவர் மட்டும் மடங்கவில்லை. "சேட்டா, இதுல அரிசி மாவும் சாயப் பொடியும் இல்லைன்னு எங்ஙன அறியும்?"

மாப்பிள்ளை இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தான்போல. "நான் எதுக்குச் சொல்லணும்? மட்டாஞ்சேரியே நம்புற நாக்கு இங்கே உட்கார்ந்திருக்கு. மச்சான், நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஒரு குளிகையைத் திறந்து என் உள்ளங்கையில் கொட்டினான். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. எழுந்து போயிருக்கலாம். நிறம் பார்த்தேன். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன்.

அருமையான சரக்கு. அதை இன்றும் மறுக்க மாட்டேன். மாவு இல்லை, சாயம் இல்லை. ஆலப்புழை ரக மஞ்சள், அதோடு மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த சத்து, பின்னாலேயே தொண்டையில் மிளகுச் சத்தின் குத்தல். இவ்வளவு சுத்தமாக இவன் கையிலிருந்து ஒரு பொருள் வரும் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆச்சரியத்தில், மீதிப் பொடியை அந்த உறைக்குள்ளேயே திரும்பக் கொட்டி மூடிக் கொடுத்தேன். முப்பது வருஷப் பழக்கம். கை தானாகச் செய்தது.

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். "மதி, போதும். இனி ஒண்ணும் சோதிக்க வேண்டா," என்றார் சுமை தூக்குபவர். மாப்பிள்ளை கை தட்டினான். அன்று கொண்டுவந்த டப்பா அத்தனையும் தீர்ந்தது.

இது நோயை அணைக்குமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. சரக்கு நல்லதா என்று கேட்டார்கள். நான் சரக்குக்குப் பதில் சொன்னேன். அவர்கள் அதை நோய்க்குப் பதிலாக எடுத்துக்கொண்டு போனார்கள். மசாலாத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் மட்டும்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய முடியும். எங்களுக்கு உலகத்தில் உள்ள ஒரே ஏமாற்று கலப்படம். கலப்படம் இல்லாவிட்டால் எல்லாம் உண்மை.

ஒரு மாதத்தில் கிடங்கில் பாதிப் பேர் இடுப்பில் அந்த டப்பா. காலை முதல் மஞ்சள் தூசியை மூக்கால் இழுத்து, மஞ்சள் மஞ்சளாகத் துப்பி, மத்தியானம் சோற்றுக்குப் பிறகு அதே மஞ்சளைக் குளிகையில் போட்டு முழுங்கினார்கள். சாயாவுக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு, "உள்ளே தீ அணையுது இக்கா," என்று வயிற்றைத் தடவிக் காட்டினார்கள். நானும் முழுங்கினேன். என் தொப்பை என்னைவிட முன்னால் நடக்கும் தொப்பை. மற்றவர்களை மட்டும் கேலி செய்தால் பொய்யாகிவிடும்.

மனைவிக்கு முட்டி வீக்கம் இறங்கியது. இறங்கியது என்றாள். நான் அளந்து பார்க்கவில்லை. அதே மாதம் ஒரு ஹோட்டல் மூடிப்போய் அவளுக்குப் பத்திரி பாதியாகக் குறைந்திருந்தது, நிற்கும் நேரமும் குறைந்திருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பெருமை முழுவதும் டப்பாவுக்குப் போனது. மாப்பிள்ளை வந்து அவள் முட்டியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனான். இடப்பள்ளி ஹாலில் அதைச் சுவர் அளவு பெரிதாக்கிக் காட்டினானாம். ஒரு குடும்பப் பெண்ணின் முட்டியை.

நாளுக்கு இரண்டு சாப்பிட்டவள் நாலு ஆக்கினாள். அப்புறம் ஆறு.

எங்கள் வீட்டில் மஞ்சள் நிறம் ஒரு செய்தியே இல்லை. என் பனியன் மஞ்சள், தலையணை உறை மஞ்சள், குளியலறைத் தரை மஞ்சள், என் நகக்கண் சாகும்வரை மஞ்சள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால் அவள் உள்ளங்கை மஞ்சளானபோது என் துணியைத் துவைத்த கறை என்று நினைத்தாள். சிறுநீர் நிறம் மாறியபோது குளிகை கரைந்து வெளியே வருகிறது என்று நினைத்தாள். பசி போனது. எண்ணெய் வாசனை பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். அவன் சொன்னதைப் பக்கத்தில் நின்று நானும் கேட்டேன்.

"அது நல்லதுக்குத்தான் மதினி. உள்ளே சேர்ந்த விஷம் வெளியே போகுது. நிப்பாட்டிடாதீங்க, ரெண்டு கூட்டிக்குங்க."

கூட்டிக்கொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனேன்.

ஒரு நாள் மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். நல்ல வெயில். அவள் கதவைத் திறந்து வெளிச்சத்தில் நின்றாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. மஞ்சளில் சாயம் ஏற்றியிருந்தால் அரை நொடியில் கண்டுபிடிக்கிறவன் நான். அந்தக் கண்ணைப் பத்து நாளாவது பார்த்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். அவள் தாடையைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பினேன்.

"என்ன, சரக்குப் பாக்குறீங்களா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைக் கழுவாமல் அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்ததும் படுக்க வைத்துவிட்டார். கல்லீரல் வீங்கியிருக்கிறது, சர்க்கரை எங்கேயோ ஏறியிருக்கிறது என்றார். தான் கொடுத்த மாத்திரை என்ன ஆச்சு என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். நிறுத்திவிட்டாள். இரண்டு மாதமாக. மாவு டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்ததை அப்புறம் பார்த்தேன்.

"எதுக்கு நிறுத்தினே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இவர் அது நல்ல சரக்குன்னார்," என்றாள்.

குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். மஞ்சள் கையோடு நான் நின்றேன். அன்றைக்கு என்னைவிடக் கேவலமான ஒருவன் அந்த ஆஸ்பத்திரியில் இருந்திருக்க முடியாது.

நான் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் அதன் பின்பக்கத்தை வாசித்துவிட்டு, மலையாளத்தில் மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். "சேட்டா, மஞ்சள் சீத்தை, கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன். இந்த நாலு கோளாறும் உள்ளவங்களுக்கு இது மாதிரிச் செடிச்சத்து கொடுத்துப் பாத்திருக்காங்க. சிலருக்கு ரத்தத்துல அழற்சி அளவு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. கொஞ்சம். சிலருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா கறியில போடுற மஞ்சள் வேற, இது வேற. மிளகுச் சத்தோடு சேர்த்தா மஞ்சள் ரத்தத்துல பல மடங்கு ஏறும். அது சில பேர் கல்லீரலுக்கு ஆகாது. யாருக்கு ஆகாதுன்னு முன்கூட்டி நமக்குத் தெரியாது. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். இவங்களை நடக்க வச்சது நான் கொடுத்த மாத்திரை. அதை நிறுத்திட்டுத் தின்னா இது என்ன செய்யும்?"

அப்புறம் மெல்லக் கேட்டார், "ஆரு கொடுத்தது?"

"வீட்டு ஆள்," என்றேன்.

அவள் பதினாறு நாள் படுத்திருந்தாள். கொஞ்ச நாள் ஊசியில் சர்க்கரையைப் பிடித்து வைத்திருந்தார்கள். மஞ்சள் மெல்ல வடிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, வாக்கியத்தை முடிக்கவில்லை.

மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். டை இல்லை. "மச்சான், எட்டுக் குளிகை யாரு தின்னச் சொன்னது?" என்றான். அவனே சொன்னது. நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு நூறு வார்த்தை வந்தது, எல்லாம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆரஞ்சை வாங்கி வைத்தேன்.

அவள் வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் சுமை தூக்குபவர் வந்து சொன்னார். இடப்பள்ளிக் கூட்டத்தில் இப்போது என் கதையைத்தான் சொல்கிறானாம். மட்டாஞ்சேரியில் முப்பது வருஷம் சரக்கு பார்த்த ஒருவர், என் சொந்த மச்சான், நாக்கில் வைத்துப் பார்த்து ஒத்துக்கொண்டார் என்று. மதினி ஆஸ்பத்திரியில் கிடந்தது கதையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் இடப்பள்ளிக்கு பஸ் ஏறினேன்.

அந்த ஹாலைப் பற்றி எழுதாமல் விட மனமில்லை. குளிர்சாதனம், பிளாஸ்டிக் நாற்காலி, மேடையில் செயற்கைப் பூ. நூறு பேர் இருக்கலாம். எல்லோரும் ஒருவரை ஒருவர் "லீடர்" என்று கூப்பிட்டார்கள். பின்னால் நடக்க ஒருவனும் இல்லாத தலைவர்கள். ஒரு பெண் மேடையேறி, மூட்டுவலி போனது, சர்க்கரை போனது, மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது என்றாள். மூன்றுக்கும் கை தட்டினார்கள். ஒருவன் இடுப்பு சுருங்கியதைக் காட்டப் பழைய பேண்ட்டைத் தூக்கிப் பிடித்தான். அந்தப் பேண்ட் அவனுடையது என்று நம்ப அந்த ஹாலில் நூறு பேர் இருந்தார்கள். போனில் பார்த்த அதே தீ மனிதன் இங்கே திரையில் ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தான். இவர்களில் யாருக்காவது பேருந்து நிறுத்தம் வரை நடக்கும் எண்ணம் வந்திருந்தால் அதுவே அவர்கள் உடம்புக்கு டப்பாவைவிட அதிகம் செய்திருக்கும். வாசலில் ஆட்டோ வரிசை.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டான். பயந்தான் என்றா நினைக்கிறீர்கள்? மைக்கில் கூவினான். "இதோ, நான் சொன்ன ஆளே வந்திருக்காரு! மச்சான், மேலே வாங்க!"

பேசத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போது வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தேன். என் மனைவி சாகக் கிடந்தாள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று. மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவந்தான். நூறு முகம். என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். மாப்பிள்ளை சமாளித்தான். "இவருக்குப் பேச்சு வராது. கைதான் பேசும். பாருங்க!" என்று ஒரு குளிகையைத் திறந்து என் உள்ளங்கையில் கொட்டினான்.

அதே சரக்கு. நிறத்திலேயே தெரிந்தது. மேடை விளக்கில் தங்கம்போல இருந்தது.

நான் அதைத் தரையில் கொட்டிக் கையைத் தட்டினேன்.

மட்டாஞ்சேரிக்காரர்கள் கொஞ்சம் பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் எழுந்து நின்றார்கள். "அய்யோ, இக்கா தள்ளிட்டாரு!" என்று பின்னால் ஒரு குரல். கூச்சல் கிளம்பியது. மாப்பிள்ளையின் முகம் வெளுத்ததை நான் ஆசையாகப் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ராஜாபோல் வந்தேன். வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான் நூறு பேர் முன்னால் நான் ஏதோ சொன்னேன், அவர்களுக்கும் புரிந்தது என்று நினைத்தேன்.

என்ன புரிந்தது என்று மூன்று வாரத்தில் தெரிந்தது.

சுமை தூக்குபவர் ஒரு புது டப்பாவோடு கிடங்குக்கு வந்தார். பச்சை டப்பா. "இக்கா, நீங்க அன்னைக்கு அந்த டூப்ளிக்கேட்டைப் பிடிச்சது ரொம்ப உபகாரம். இது வேற கம்பெனி. ஒரிஜினலான்னு ஒண்ணு பாத்துத் தாங்க."

"யாரு கொடுத்தது?"

"உங்க மச்சான்தான். அவரும் ஏமாந்து போனாரு, பாவம்."

அவன் என் கையையே மறுபடியும் விற்றுவிட்டான். பழைய கம்பெனி கலப்படம், என் மச்சான் கண்டுபிடித்தார், ஆகையால் இது சுத்தம் என்று. யாரும் மாத்திரைக்குத் திரும்பவில்லை. டப்பாவை மாற்றினார்கள். எங்கள் தெருவின் அறிவு அவ்வளவுதான். அந்த அறிவை அவர்களுக்குக் கொடுத்ததில் என் பங்கும் உண்டு.

கடைசி அடி வீட்டில் விழுந்தது. அன்று மத்தியானம் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அது கலப்படமா இருந்ததாலதானே எனக்கு ஈரல் கெட்டுச்சு? நல்லதா இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, இல்லையா?"

பார்த்தேன். அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் பச்சை டப்பா. இன்னும் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை சும்மா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நாளைக்கோ மறுநாளோ பிரிப்பாள். மறுபடியும் மாத்திரை அட்டை மாவு டப்பாவுக்குப் பின்னால் போகும்.

"அது நல்ல சரக்கு," என்றேன்.

"எது?"

"உன்னைப் படுக்க வச்சது. கலப்படமே இல்லை. இந்தத் தெருவுல நான் பாத்ததுலயே முதல் தரம். கலப்படமா இருந்து அரிசி மாவா இருந்திருந்தா உனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

கரண்டியோடு அப்படியே நின்றாள். "அப்போ இடப்பள்ளியில தரையில கொட்டினது?"

"பொய்."

நான் சரக்கு விஷயத்தில் பொய் சொல்வேன் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் எனக்கு முன்னால் உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள், வேறு யாருடைய கையோபோல.

"எல்லார்கிட்டயும் சொல்லணும்," என்றாள்.

"எனக்கு வராது. உனக்குத் தெரியுமே."

"வாய்தானே வராது? எழுதத் தெரியும்ல. கொஞ்சம்."

பச்சை டப்பாவைத் தங்கை வீட்டுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. அவன் அதற்குப் பிறகு எங்கள் தெரு வழியாக பஸ்ஸுக்குப் போவதில்லை, சுற்றிப் போகிறான். அடுத்து முடி வளரும் எண்ணெய் என்று கேள்வி. அவன் வழுக்கைத் தலையைப் பார்த்தும் வாங்குவார்கள்.

நான் முதலில் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கிடங்குச் சுவரில் ஒட்டினேன். மலையாளத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. சுமை தூக்குபவர் வாசித்துவிட்டு, "இக்கா, இந்த எழுத்தை வாசிச்சே எனக்குப் பிரஷர் கூடிருச்சு," என்றார். ஆனால் இரண்டு நாள் கழித்து என்னிடம் ரகசியமாக, டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூட வர முடியுமா என்று கேட்டார். போனேன். இரண்டு பேரும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் தாளைக் கிழித்து அதில் வடை வைத்துத் தின்றார்கள்.

நாலு வரி போதாது என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது அவள் மாத்திரையை என் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிறாள். சாயங்காலம் இருவரும் படகுத்துறை வரை நடக்கிறோம். முட்டி இன்னும் வீங்குகிறது. கண் வெள்ளையாக இருக்கிறது. தினமும் வெளிச்சத்தில் பார்க்கிறேன், அவள் திட்டினாலும்.

தொட வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்ன விஷயம் இதுதான். அந்த மஞ்சள் கலப்படமில்லாத நல்ல சரக்கு. நல்ல சரக்கு என்று தெரிந்தே அதைத் தரையில் கொட்டினேன். இரண்டு தடவையும் என்னை நம்பியவர்கள் இதையும் நம்ப வேண்டும்.

இதை எழுதி முடித்தது ஞாயிற்றுக்கிழமை, இடப்பள்ளியில் அவர்கள் கை தட்டிக்கொண்டிருக்கும் நேரம், அக்டோபர் மாதம் பன்னிரண்டாம் தேதி.